ஆதாயப் பெருமான் மெய்க்கீர்த்தி

கிழக்கே மலை காவல் நிற்க, மேற்கே கடல் பணிந்து கிடக்க, நடுவே ரப்பரும் தென்னையும் மரச்சீனியும் தழைத்த பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சீமைகளைத் தம் வெண்கொற்றக் குடை நிழலில் வைத்துக் காத்தருளும் ஆதாயப் பெருமானின் புகழை, அவர் குடிகளில் கடைக்குடியாகிய நான் என் சிற்றறிவுக்கு எட்டியமட்டும் சொல்லத் துணிகிறேன்.

இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை. இப்பால் ரேஷன் கார்டு மலையாளத்தில், அப்பால் தமிழில். இப்பால் காருண்யா, அப்பால் முதலமைச்சர் காப்பீடு. ஒரே குடும்பத்தில் அக்காளைக் கட்டிக்கொடுத்தது காரோட்டில், தங்கையைக் கட்டிக்கொடுத்தது மார்த்தாண்டத்தில் என்றால், இருவருக்கும் ஒரே நோய் வந்தாலும் ஏறவேண்டிய படிகள் வேறுவேறு. இந்த வேற்றுமையெல்லாம் சிற்றரசர்களின் சிறுமை. பெருமானின் ஆட்சியில் எல்லைக்கல் கிடையாது, செக்போஸ்ட் கிடையாது. பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரி வரிசையில் நின்று சலித்தவரையும் குழித்துறை ஆஸ்பத்திரி வரிசையில் நின்று சலித்தவரையும் ஒரே கனிவோடு தம் லாபிக்குள் அழைத்துக் குளிர்சாதனக் காற்றில் உட்கார வைக்கிறார். மொழியால் பிரிந்து கிடந்த ஒரு மக்களை பில்லால் ஒன்றுசேர்த்த பேரரசர் வேறு எவர்?

அவர் கருணையைக் காண ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆராதனை முடிந்து சனம் வெளியே வரும் நேரம் பார்த்து, பக்கத்துச் சர்ச் ஹாலில் முகாம். வாசலில் இரு மொழியிலும் பேனர்: இலவசப் புற்றுநோய் கண்டறியும் முகாம். மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை, தொழிலுறப்பு என்ற நூறுநாள் வேலைக்குப் போகிற, தயங்கி நிற்கிற ஒருத்தியைக் கைப்பிடித்து அழைக்கிறாள்.

“எக்கா, வாருங்க. ஃப்ரீயாக்கும். பேடிக்காண்டாம்.”

“பைசா ஒண்ணும் வேண்டாமா மக்களே?”

“வேண்டாம்க்கா. பேரும் போன் நம்பரும் தந்தா போரும்.”

எவ்வளவு எளிய காணிக்கை! பேர் தந்தாயிற்று, நம்பர் தந்தாயிற்று. எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், விரல் நுனியில் குத்திச் சுகர் பார்த்தார்கள். டாக்டர் ஒருவர் வீட்டில் யாருக்காவது கேன்சர் உண்டா என்று கேட்டுவிட்டு ஒரு கூப்பன் தந்தார்: பெண்கள் நலப் பேக்கேஜ், பாதி விலை, ஏழு நாளைக்குள் வந்தால் மட்டும். புற்றுநோய் முகாமில் அந்த அம்மாளின் மார்பை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. கருப்பை வாய்ச் சோதனை என்ற பேச்சே எழவில்லை. சிறுவயதிலிருந்து முறுக்கான் போட்டுச் சிவந்த வாயைத் திறக்கச் சொல்லிக்கூட ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. என்ன நாகரிகம், என்ன கூச்சம்! பிறர் வீட்டுப் பெண்ணின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது முறையல்ல என்றறிந்த பண்பாளர்கள், அவள் போன் நம்பரை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து அவள் களை பறித்துக்கொண்டிருக்கும்போது அந்த நம்பருக்கு அன்பான அழைப்பு வரும்.

பேக்கேஜின் பெருமையை எப்படிச் சொல்வேன்! சிஏ 125, சிஇஏ, ஏஎஃப்பி என்று வேதமந்திரம் போல வரிசையாக எழுத்துகள். புற்று உறுதியானவருக்குச் சிகிச்சை பலிக்கிறதா, நோய் திரும்புகிறதா என்று தொடர்ந்து பார்ப்பதற்கு உதவுபவை இவை. ஒரு தொல்லையும் இல்லாதவரின் உடம்பில் புற்றைத் தேட இவற்றை நம்பக்கூடாது என்பது மருத்துவம் படித்தவர் எல்லாருக்கும் தெரிந்த சேதி. சிஏ 125 மாதவிலக்கில் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், சாதாரணக் கட்டிக்கும் ஏறும். பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, இந்த ரத்தச் சோதனையும் ஸ்கேனும் சினைப்பைப் புற்றின் சாவைக் குறைக்கவில்லை என்று 2021-ல் முடிவு சொன்னார்கள். பெருமானின் ஞானம் அத்தகைய அற்ப ஆராய்ச்சிகளுக்கு அப்பாற்பட்டது. எண் ஏறினால் ஸ்கேன், ஸ்கேனில் நிழல் விழுந்தால் சிடி, சிடியில் ஐயம் வந்தால் பயாப்ஸி. ஒன்றும் இல்லை என்று முடிந்தாலும் குடும்பமே கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போகிறது. தாமே கிளப்பிய பயத்தைத் தாமே தீர்த்து, இரண்டுக்கும் கூலி பெறுகிற தொழில்நுட்பம் தேவர்களுக்கும் கைவராதது.

கழுத்தில் வைத்துப் பார்க்கும் ஸ்கேனையும் இங்கே வணங்கவேண்டும். தென்கொரியாவில் 1999-ல் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தபோது, பட்டியலில் இல்லாத தைராய்டு ஸ்கேனையும் சொற்பக் கட்டணத்துக்கு ஆஸ்பத்திரிகள் சேர்த்து வழங்கின. 2011-ல் அங்கே தைராய்டு புற்று 1993-ல் இருந்ததைப்போல் பதினைந்து மடங்கு. தைராய்டு புற்றால் செத்தவர் எண்ணிக்கை மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தராமல் கிடந்திருக்கும் கட்டிகளுக்காகப் பல்லாயிரம் பேர் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரை வாங்கும் பாக்கியம் பெற்றார்கள். நம் திருவனந்தபுரம் மாவட்டப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் பெண்களின் தைராய்டு புற்று வேகமாக ஏறியது. தேவைக்கு மேல் கண்டுபிடிக்கும் வியாதி இங்கும் வந்துவிட்டதா என்று இவ்வூர் ஆராய்ச்சியாளர்களே கேட்டு எழுதினார்கள். கேட்கட்டும். பெருமான் பொறுமைசாலி.

இவ்வளவு ஆர்வத்தோடு தேடுகிறவர், எளிய வழிகளை மட்டும் திரும்பியும் பாராத திடச்சித்தம் உள்ளவர். இந்த நெஞ்சுரத்தை நான் நின்று நிதானமாகப் பாடவேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுக்கு ஒரு சோதனை உண்டு. மூன்று முதல் ஐந்து சதவீத அசிட்டிக் அமிலம், அதாவது நம் அடுக்களையில் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரியின் வீரியம்தான். அதைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் வைத்து ஒரு நிமிடம் பொறுத்தால், புற்றாக மாறத் தொடங்கிய இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். வெளுத்த இடத்தைச் சூட்டாலோ கடுங்குளிராலோ பெரும்பாலும் அன்றைக்கே அழித்துவிட்டு அந்தப் பெண் நடந்தே வீட்டுக்குப் போகலாம். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனைக்காரர்கள் 2000-லிருந்து ஊர் ஊராக நர்ஸ்களை அனுப்பி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை இப்படிப் பார்த்தார்கள். இந்தச் சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் அந்தப் புற்று 25 சதவீதமும் அதன் சாவு 35 சதவீதமும் குறைந்ததை 2007-ல் லான்செட் வெளியிட்டது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில், அந்தப் புற்றுக்குக் காரணமான ஹெச்பிவி கிருமிக்கான சோதனையை ஒரே ஒரு தடவை செய்ததிலேயே சாவு ஏறத்தாழப் பாதியானது. அது 2009-ல் வெளிவந்தது.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில், பதின்மூன்று பஞ்சாயத்துகளில், 1996-லிருந்து வாய்ப்புற்றுக்கு ஓர் ஆய்வு நடந்தது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமாகிய ஆர்சிசியும் பிரான்சிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்தது. கருவி? ஒரு டார்ச், இரண்டு கண். டாக்டரல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். முறுக்கானோ பீடியோ குடியோ உள்ளவர்களில் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது. உலகமெங்கும் பாடமாக எடுத்துக் காட்டப்படுகிற ஆய்வு நம் ஊர்த் திண்ணைகளில் நடந்தது.

ஆனால் டார்ச்சுக்கு எத்தனை ரூபாய் பில் போடமுடியும்? வினாகிரியை எந்த நிறுவனம் பிரதிநிதி வைத்து விற்கும்? எந்த நர்ஸின் கண்ணுக்கு ரெஃபரல் கமிஷன் உண்டு? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காதவரை அந்தச் சோதனைகளை வாசலில் நிறுத்திவைத்த பெருமானின் நீதியே நீதி. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு வாய், மார்பு, கருப்பை வாய் மூன்றையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே வழிமுறை எழுதி வெளியிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களிடம், கருப்பை வாய்ச் சோதனை எப்போதாவது செய்ததுண்டா என்று கேட்டார்கள். செய்ததாகச் சொன்னவர்கள் நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் பத்தைத் தொடவில்லை. படிப்பிலும் சுகாதாரத்திலும் நாட்டுக்கே வழிகாட்டுவதாகச் சொல்லும் கேரளத்தில் நான்கைத் தொடவில்லை. நாட்டில் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்று வருகிறது, எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். இத்தனை பெரிய தொகையை இத்தனை அமைதியாக வசூலித்த வேந்தர் வரலாற்றில் இல்லை.

இடையில் சில கலகங்கள் எழுந்ததையும் மறைக்கக்கூடாது. 2025 பிப்ரவரி 4-ல் கேரள அரசு ‘ஆரோக்கியம் ஆனந்தம், அகற்றாம் அர்புதம்’, அதாவது புற்றை அகற்றுவோம் என்று பெண்களையெல்லாம் அரசு ஆஸ்பத்திரிச் சோதனைக்கு அழைத்தது. வீட்டுக்கு வீடு சொல்லி அழைத்துவருகிற வேலை ஆஷா பணியாளர்களுடையது. ஆறே நாள் கழித்து, பிப்ரவரி 10-ல், மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தில் எப்படி வாழ்வது என்று கேட்டு அவர்களில் ஒரு பகுதியினர் தலைமைச் செயலக வாசலில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். மாதங்கள் ஓடின. ஒரு பைசா செலவில்லாமல் உயிரைக் காக்கிற சேதியை அடுக்களை வாசல்வரை கொண்டுபோகிறவளுக்கு அந்த மதிப்பூதியத்தில் நாளொன்றுக்கு 250 ரூபாய்கூடத் தேறவில்லை. பெருமானின் கருவூலக் கணக்கர்கள் உயிர் காப்பவளை எடைபோட்டு வைத்த விலை அது. அந்தத் துல்லியத்தை வியக்கிறேன்.

இனி ஊசிப் படலம். கருப்பை வாய்ப் புற்றுக்கு ஏறத்தாழ முழுக் காரணமும் ஹெச்பிவி கிருமி. அதைக் காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு. ஒரு புற்றை ஊசியால் தடுக்கமுடியும் என்பது மனித குலத்துக்கு வாய்த்த பெருவரம். வரம் கிடைத்த கையோடு அதற்கு விலைச்சீட்டு ஒட்டியதில்தான் பெருமானின் சுறுசுறுப்பு தெரிகிறது. 2006-ல் அமெரிக்காவில் ஒரு டோஸ் 120 டாலர். ஏழை நாடுகளுக்காக மொத்தமாக வாங்கும் கவி அமைப்பு பேரம் பேசியபோது, 2013-ல் அதே ஊசி நாலரை டாலர். ஒரே பொருளுக்கு இருபத்தைந்து மடங்குக்கும் மேல் விலை இறங்கி வந்த இந்த அடக்கம் எல்லாருக்கும் வாய்க்காது. நம் நாட்டிலேயே தயாரான செர்வாவேக் பற்றி 2022 செப்டம்பரில் அறிவித்தபோது, 200 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கும் என்றார் சீரம் நிறுவனத் தலைமை நிர்வாகி. 2023 ஜனவரியில் தனியார் சந்தைக்கு வந்தபோது இரண்டு டோஸ் குப்பிக்கு 2,000 ரூபாய். ஒன்பது வகைக் கிருமிக்கான அயல்நாட்டு ஊசியோ ஒரு டோஸே பத்தாயிரத்தைத் தாண்டியது. 2025-26-ல் கேரளத்தில் தொழிலுறப்பு நாள்கூலி 369 ரூபாயாக இருந்தது. வெள்ளறடையில் காடு வெட்டுகிற ஒரு தாய் ஏறத்தாழ ஒரு மாதம் வேலை செய்து, சோறு தின்னாமல் இருந்தால், மகளுக்கு அந்த அயல்நாட்டு ஊசியில் ஒரு டோஸ் போட்டிருக்கலாம். தாயன்பை இப்படிச் சோதித்து உலகுக்குக் காட்டும் வாய்ப்பை வேறு யார் தருவார்கள்?

இதே மண்ணில் 1813-ல் திருவிதாங்கூர் ராணி கௌரி லட்சுமி பாய் அம்மைப்பால் வைக்கும் துறையையே ஏற்படுத்தினார். குடிகள் பயந்தபோது அரண்மனைவாசிகள் முதலில் குத்திக்கொண்டு காட்டினார்கள். எம்ஆர்பி போடத் தெரியாத அப்பாவிக் காலம்.

பெருமான் ஊசியின் பெயரைக் காத்த விதம் இன்னும் அரிது. 2009-ல் ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு ஹெச்பிவி ஊசி போட்டார்கள். பாத் என்னும் அமெரிக்க அமைப்பும் ஐசிஎம்ஆரும் மாநில அரசுகளும் சேர்ந்த திட்டம். ஊசியைக் கொடையாகத் தந்தவை தயாரிப்பு நிறுவனங்களே. பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படித்த விடுதிகளில் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்களே சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது என்று காரணங்கள் வேறு, ஊசி காரணமல்ல என்றது விசாரணை. ஆனால் சம்மதம் பெற்ற லட்சணத்தையும் நிறுவனங்களின் வணிக நோக்கத்தையும் நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் கிழித்துத் தொங்கவிட்டது. ஒரு தாயிடம் கேட்டுச் செய்ய ஒரு மணி நேரம் ஆகும் என்று சோம்பிய இடத்தில், நல்ல ஊசி ஒன்றின் மேல் ஆண்டுக்கணக்கில் ஐயம் படர்ந்தது. பாறசாலைப் பக்கத்திலும் இன்றைக்கும் ஒரு தாய், “அது பிள்ளையளுக்கு எதாம் செய்யுமோ” என்று கேட்டால், அந்தப் பயத்தின் வேர் அங்கேயும் ஓடுகிறது. மருந்தைக் கெடுக்காமல் மருந்தின்மேல் இருந்த நம்பிக்கையை மட்டும் கெடுத்த கைத்திறனுக்கு ஈடு இணை உண்டா?

அந்தக் குழப்பத்தில் பெருமானுக்கே ஒரு சோதனை நேர்ந்தது. 2010 ஏப்ரலில் எல்லா ஹெச்பிவி ஊசி ஆய்வுகளையும் அரசு நிறுத்தியபோது, இந்தியாவில் நடந்துகொண்டிருந்த இன்னொரு பெரிய ஆய்வில் ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், மூன்று டோஸ் போட்டவர்களுக்கு நிகராக அவர்களும் அந்தக் கிருமியிடமிருந்து காக்கப்பட்டிருந்தார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் 9 முதல் 20 வயதுவரை ஒரு டோஸே போதுமான வழி என்று ஏற்றது. விற்கவேண்டியது மூன்று, போதுமானது ஒன்று என்ற இந்தச் சேதியை எங்கள் ஊர்த் தனியார் கிளினிக் சுவரில் இன்னும் எவரும் ஒட்டாமல் காத்துவருவது பெருமான்மேல் உள்ள பக்தியால்தான்.

தடுக்கத் தவறிய பின்தான் அவர் கொடை மழையாகப் பொழியும். புற்று முற்றிய பெண்ணுக்கு இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு, வாராவாரம் கீமோ, பிறகு உள்ளே வைக்கும் கதிர்வீச்சு. களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் பஸ்ஸில் ஐந்து வாரம் தினமும் போய்வரவேண்டும். துணைக்கு வருகிறவருக்கும் கூலி போகும், ஆடும் சங்கிலியும் விற்றுப்போகும். மருந்தின் விலையில் அவர் காட்டிய தாராளத்தை 2019-ல் அரசு கொஞ்சம் தொட்டுப் பார்த்தது: 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். சில பிராண்டுகளின் விலை எண்பது சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. அதுவரை அந்த எண்பது எங்கே தங்கியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. சாகக் கிடக்கிறவர் வீட்டுச் சங்கிலியிலிருந்து அது வந்தது என்பதைப் பெருமான் தம் வாயால் சொல்லிக்கொள்ளமாட்டார்.

தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளாத இந்தக் குணத்துக்கு ஒரு சான்று சொல்லி நிறுத்துகிறேன். 2018-ல் கேரளம் மருத்துவ நிறுவனச் சட்டம் கொண்டுவந்தது. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்ற பட்டியலை, வருகிறவர் கண்ணில் படும்படி, மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வைக்கவேண்டும் என்பது அதிலுள்ள ஒரு கட்டளை. எல்லைத் தமிழர் வாசிக்கத் தமிழிலும் வேண்டும் என்று அந்தச் சட்டத்துக்கும் தோன்றவில்லை, அது வேறு வருத்தம். தனியார் மருத்துவமனைகளின் சங்கமும் மருத்துவர் சங்கமும் உயர் நீதிமன்றம் போய், அப்படியெல்லாம் விலை சொல்லமுடியாது என்று வாதாடின. 2025-ல் அந்த வழக்குகள் அங்கே தள்ளுபடி ஆயின. தேநீர்க்கடைக்காரர்கூடச் சுவரில் விலைப்பட்டியல் எழுதிப் பெருமையடித்துக்கொள்ளும் இந்த நாளில், தாம் எவ்வளவு வாங்குகிறோம் என்பதை ஏழையின் கண்ணில் படாமல் மறைப்பதற்காக ஆண்டுக்கணக்கில் வக்கீல் வைத்து வழக்காடிய பெருமானின் தன்னடக்கம் எந்தச் சக்கரவர்த்திக்கு வாய்த்தது!